அளவாகத் தைத்த வெள்ளைச் சட்டை

எங்கள் வீட்டில் யாரும் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. என் அப்பா மரக்கடையில் ரம்பம் இழுத்தவர். நான் அச்சகத்தில் எழுத்துக் கோத்து, ஃபோர்மேனாகி, தடித்த மூக்குக்கண்ணாடியோடு வெளியே வந்தவன். தம்பி போன பிறகு அவன் பிள்ளைகள் இரண்டு பேரையும் நான்தான் ஆளாக்கினேன். மூத்தவன் சிமென்ட் கிடங்கில் வேன் ஓட்டுகிறான். இளையவன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி தண்ணீரில்தான் குடித்தனம். அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்திக்கு வேலை இல்லை என்று ஒரு பள்ளிக்கூடத்தில் நாலு பேர் காதுபடச் சொல்லப்பட்டது. சொன்னது வேறு யாருமில்லை, எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

பிள்ளை மூத்தவனின் மகள். பள்ளியில் சேர்த்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தவழ்கிற வயதில் தரையில் கிடந்த பட்டனையெல்லாம் வாயில் போட்டுக்கொள்வாள். வாயைத் திற பட்டன், துப்பு பட்டன் என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. எங்கள் வீட்டில் பட்டனுக்குப் பஞ்சமில்லை. அவள் அம்மா, எங்கள் மூத்த மருமகள், தையல்காரி. கூடத்து ஜன்னலோரம் அவள் மிஷின் கிடக்கும். வெளிச்சம் துணியில் விழவேண்டும் என்பதால் முகம் ஜன்னலுக்கு, முதுகு எங்களுக்கு. வாயில் எப்போதும் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பாள். பிள்ளை ஏதாவது கேட்டால் "ம்" என்பாள். அந்த "ம்"முக்குச் சில நாள் சரி என்று அர்த்தம், சில நாள் போ என்று அர்த்தம். எது எது என்று பட்டனுக்குத் தெரியும்.

சின்னவள், இளையவனின் மனைவி, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வருகிற வழியில் பள்ளிக்கூடத்தில் நுழைந்து பட்டனைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவளுக்கு இன்னும் பிள்ளை இல்லை. வாசலில் வெள்ளை ஷூவைக் கழற்றியதும் பிள்ளை அவள் மடியில் ஏறிவிடும். கப்பல் எங்கே தூங்கும், ரத்தம் ஏன் சிவப்பு, தாத்தாவுக்கு ஏன் காதில் முடி என்று கேள்வி மேல் கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் சின்னவளிடம் பதில் இருந்தது. என் காது முடிக்குக்கூட.

அப்போதெல்லாம் மிஷின் சத்தம் மாறும். அச்சகத்தில் இயந்திரச் சத்தத்தோடு வாழ்ந்தவன் நான், எனக்கு அது கேட்கும். சித்தி என்ற சொல் கூடத்தில் ஒலிக்க ஒலிக்க மிதி வேகமாகும். மழைக்காலம் அது, வெளியே இருட்டிக்கொண்டு வரும்போது ஜன்னல் கண்ணாடி அவள் முகத்தைத் திருப்பிக் காட்டும். உதட்டில் குண்டூசி வரிசை. அதற்குமேல் இரண்டு கண்கள், கையிலிருக்கும் துணியைப் பார்க்காமல், கண்ணாடிக்குள் தெரிகிற அந்த மடியையே பார்த்துக்கொண்டிருக்கும். அவள் எதுவும் சொன்னதில்லை. சொல்லாதவரை அது எங்கள் வீட்டில் நடக்காத விஷயம் என்று நானும் வைத்திருந்தேன்.

அந்த மழைக்காலத்தில்தான் பள்ளியில் அந்தப் பாடம் தொடங்கியது. நம்மைச் சுற்றி யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். டீச்சர் சின்னப் பெண், உற்சாகம் அதிகம். புத்தகத்தில் படம் காட்டுவதோடு நிறுத்தாமல் ஆட்களையே வகுப்புக்குக் கூட்டிவந்தாள். தபால்காரர் வந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வெறும் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். முடிதிருத்துகிறவர் பொம்மைக்கு முடி வெட்டினார். அந்தப் பொம்மையைப் பார்த்து இரண்டு பிள்ளைகள் அழுதார்களாம். தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்றபோது பட்டன் பயத்தில் பெஞ்சுக்கடியில் போய்விட்டாளாம். இதெல்லாம் சின்னவள் மடியில் உட்கார்ந்து சொல்லப்பட்டு, ஜன்னலோரத்து முதுகுக்கும் கேட்ட செய்திகள்.

தன் வேலையைக் காட்டத் தன்னையும் கூப்பிடுவார்களா என்று மூத்தவனுக்கு ஆசை. நாலு மூட்டை சிமென்டை வகுப்பில் இறக்கிக் காட்டுகிறேன், பிள்ளைகள் இருமிக்கொண்டே கற்றுக்கொள்ளட்டும் என்றான். டீச்சர் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டது சின்னவளை. சீருடையோடு வாருங்கள், காதில் மாட்டிக் கேட்கிற குழாயைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருந்தாள்.

அன்று மாலை பட்டன் தரையில் பட்டன்களைக் கொட்டி வரிசை கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய பழுப்புப் பட்டன் பஸ் ஓட்டுகிறவர். இரும்புப் பட்டன் தீயணைப்புக்காரர். பளபளவென்று ஒரு வெள்ளைப் பட்டன் இருந்தது, அது சித்தி. உடைந்த பாதிப் பட்டன் ஒன்றை எடுத்து, இது தாத்தா என்றாள். தாத்தா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். பேப்பர் படிக்கிறார் என்றாள். விட்டுவிட்டேன்.

மூத்தவன்தான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"அம்மா எங்க பட்டன்? அம்மாவக் காணோமே."

"அம்மாவுக்கு இல்லப்பா."

"ஏன் இல்ல?"

"அம்மாவுக்குத்தான் வேலை இல்லையே. டீச்சர்கிட்டயும் சொல்லிட்டேன். அப்பா வேன் ஓட்டுவாங்க, சித்தி நர்ஸ், அம்மா வீட்டுல இருக்காங்கன்னு."

மிஷின் நின்றது. மூத்தவன் சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சின்னவள் அவசரமாக, அப்படிச் சொல்லக் கூடாது, அம்மாதான் இந்த வீட்டில் அதிகம் வேலை செய்கிறவர் என்று பிள்ளைக்கு எடுத்துச் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் தன் பிள்ளைக்குத் தன்னைப் பற்றி இன்னொருத்தி எடுத்துச் சொல்வதைக் காதால் கேட்பதைவிட, பிள்ளை சொன்னதே மேல் என்று மூத்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்திவைக்கிற பஞ்சுத் துண்டில் குத்தினாள்.

"விடு சின்னவளே. குழந்தை பாத்ததத்தானே சொல்லும்."

சின்னவளுக்கு அந்த இடத்தில் பேசாமல் இருக்கத் தெரிந்திருக்க வேண்டும். வேறு பேச்சு கொண்டுவர நினைத்து இதைக் கொண்டுவந்தாள்: பாடம் முடிகிற நாளில் பிள்ளைகள் ஒவ்வொரு வேலை செய்கிறவராக வேஷம் போடப்போகிறார்கள். பெற்றவர்கள் எல்லாரும் பார்க்க வருவார்கள். டீச்சரால் அவ்வளவு உடைக்கு எங்கே போக முடியும்? "எங்க அக்கா தெச்சுக் குடுத்துடுவாங்கன்னு நான் சொல்லிட்டேன்க்கா" என்றாள்.

"என்னைக் கேக்காமயா?"

"நீங்க மாட்டேன்னா சொல்லப் போறீங்க?"

இந்த இடத்தில் நான் குறுக்கே வந்தேன். நம் வீட்டின் பேரில் ஒரு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அது நடக்கும் என்றேன். அந்த உடைகளைப் பார்த்து, இந்த வீட்டில் வேலை இல்லாதவள் யாருமில்லை என்று அந்தப் பள்ளிக்கூடம் தெரிந்துகொள்ளட்டும் என்பது என் கணக்கு. மூத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சரி மாமா" என்றாள். அந்தச் சரியில் எனக்கும் ஒரு ஊசி இருந்தது.

அடுத்த நாட்களில் கூடம் ஒரு சின்ன ஊராகிவிட்டது. நாற்காலி முதுகில் தபால்காரர் காக்கியில் தொங்கினார். கதவுக் கொண்டியில் பஸ் ஓட்டுநர். தீயணைப்புக்காரர் கோட்டுக்குப் பழைய மழைத்துணியை வெட்டிப் பளிச்சென்ற பட்டை வைத்தாள். ரொட்டி சுடுகிறவருக்கு உப்பிய தொப்பி. அது நிற்பதற்கு உள்ளே அட்டை வைத்துத் தைத்தாள். காற்றில் ஈரம் நிறைய இருந்ததால் ஓரத் தையல்கள் சுருக்கம் விழுந்தன. ஒவ்வொன்றையும் இஸ்திரிப் பெட்டியால் நீவி நேராக்கினாள். வழக்கமாகத் தைக்க வருகிற தலையணை உறைகளும் திரைச்சீலைகளும் ஒருபக்கம் குவிந்துகிடந்தன. சாப்பிடக் கூப்பிட்டால் "ம்" என்றாள்.

தையல்காரி வேடம் மட்டும் அந்த வரிசையில் இல்லை. ஏன் என்று கேட்டேன். "அதுக்கென்ன உடுப்பு மாமா இருக்கு? இப்ப நான் போட்டிருக்கறதுதான்" என்றாள்.

நர்ஸ் சட்டையைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதைப் பட்டனுக்குக் கொடுக்காமல் அதே வகுப்பில் படிக்கிற எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று பேச்செடுத்துப் பார்த்தாள். பட்டன் தரையில் விழுந்து புரண்டு அழுதாள். நான் நர்ஸ்தான், சித்திதான், வேறு எதுவும் மாட்டேன் என்றாள். மூத்தவள் குனிந்து பிள்ளையைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தாள்.

எனக்கு அது புதிதாக இருந்தது. தன் பிள்ளைக்கு அவள் டேப் எடுத்து நான் பார்த்ததில்லை. கண்ணாலேயே வெட்டுவாள். கொஞ்சம் தாராளமாகவே வெட்டுவாள். வளர்கிற பிள்ளை, ஓடுகிற பிள்ளை, துணி விட்டுத்தான் தைக்க வேண்டும் என்பாள். பட்டனின் சட்டைகள் எல்லாம் முதல் வருஷம் தொளதொளவென்றுதான் இருக்கும். அன்று தோளை அளந்தாள், மார்பை அளந்தாள், கையும் உடம்பும் சேருகிற கைக்குழியை இரண்டு முறை அளந்தாள். தளர்வுக்காக டேப்புக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்கிற விரலை வைக்கவில்லை.

மறுநாள் சட்டை தயார். பட்டன் கண்ணாடி முன்னால் நின்றாள். அப்படி ஒரு கச்சிதத்தை நான் கடைகளில்கூடப் பார்த்ததில்லை. தோள் முனையில் தையல் நூல் பிடித்தது போல உட்கார்ந்திருந்தது. சின்னவள் அதைப் பார்த்து, "எனக்கே இப்படி ஒண்ணு தெச்சுத் தாங்கக்கா" என்றாள். பட்டன் சித்தியைக் கட்டிக்கொள்ளத் திரும்பினாள்.

"கையத் தூக்காத" என்றாள் மூத்தவள். "கசங்கிடும்."

சொல்லிவிட்டு அவசரமாகப் பட்டன்களைக் கழற்றிச் சட்டையை வாங்கி மடித்து வைத்துவிட்டாள். எனக்கு ஏதோ உறுத்தியது. தைக்கிறவளுக்குத் தெரியாததா என்று பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

விழா நாள் காலையிலிருந்தே தூறல். நான் கஞ்சி போட்ட சட்டையில் போனேன். வகுப்பறையின் மேஜைகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் இடம் விட்டிருந்தார்கள். குழந்தை நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றேன். மூத்தவள் பின்சுவரில் மற்ற அம்மாக்களோடு நின்றாள். சின்னவள் வேலையிலிருந்து நேராகச் சீருடையில் வந்து சேர்ந்தாள்; பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு காதில் மாட்டும் குழாயை இழுத்தார்கள். அம்மாக்களும் அவளிடம் தங்கள் பிள்ளைகளின் சளியைப் பற்றி விசாரித்தார்கள். நாலடி தள்ளி நின்றவளை யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. ஆனால் அந்த அறையில் அசைந்ததெல்லாம் அவள் தைத்ததுதான்.

தபால்காரர் வந்து உறை கொடுத்தார். ரொட்டிக்காரரின் தொப்பி கடைசிவரை நின்றது. தீயணைப்புக்காரர் கோட்டைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்து, கைதட்டல் வாங்கினார். பிறகு பட்டன் வந்தாள். நிமிர்ந்து, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, நிஜ நர்ஸைப் போல நடந்து வந்தாள். என் முதுகும் நிமிர்ந்தது. சின்னவள் ஒரு பொம்மையைத் தூக்கிப் பிடித்தாள். பட்டன் அதன் தோளில் ஊசி போடவேண்டும்.

கை பாதி உயர்ந்து நின்றது. இன்னும் தூக்கப் பார்த்தாள். தோள் காதுவரை வந்தது, கை வரவில்லை. மறுகையால் முயன்றாள். அதுவும் வரவில்லை. முகம் சிவந்தது. யாரோ சிரித்தார்கள்.

"சித்தி, கை வரல."

சின்னவள் மண்டியிட்டாள். பிள்ளையின் அக்குளில் விரலை நுழைத்துப் பார்த்தாள், விரல் நுழையவில்லை. ஒரு நொடி அவள் தலை நிமிர்ந்து பின்சுவரைப் பார்த்தது. பிறகு தன் பையிலிருந்து மழுங்கிய முனையுள்ள கத்தரியை எடுத்து, அக்குள் தையலிலேயே விட்டு, துணியில் ஒரு கீறல்கூடப் படாமல் இருபக்கமும் பிரித்துவிட்டாள். அடிபட்டு வருகிறவர்களின் சட்டையை வெட்டிப் பழகிய கை. வெட்டிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி, "தப்பு என்னோடது டீச்சர். துணிய நனைச்சுக் குடுன்னு அக்கா சொன்னாங்க, நான் மறந்துட்டேன். ஈரக் காத்துல சுருங்கிடுச்சு" என்றாள்.

பட்டன் கையை உயரத் தூக்கிப் பொம்மைக்கு ஊசி போட்டாள். அறையே கைதட்டியது. குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது. காப்பாற்றியவள் யார், கெடுக்கப் பார்த்தவள் யார் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். மூத்தவளைப் பார்த்தேன். அவமானப்பட்டவள் முகமாக அது இல்லை. இதிலும் அவளுக்கே நல்ல பெயரா என்று கேட்கிற முகம்.

டீச்சர் பிள்ளைகளின் உடைகளைத் தொட்டுக் காட்டி, இவ்வளவு அழகாகத் தைத்தது யார் தெரியுமா என்று கேட்டாள். "எங்கம்மா" என்றாள் பட்டன். டீச்சருக்கு வியப்பு. விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"அம்மாவுக்கு வேலை இல்லன்னு சொன்னியே?"

"வேலை இல்லதான் டீச்சர். வேலைன்னா சாயங்காலம் முடிஞ்சு வீட்டுக்கு வருவாங்கல்ல? அப்பா வருவாங்க. சித்தி வருவாங்க. எங்கம்மா தெச்சுட்டே இருப்பாங்க. வரவே மாட்டாங்க."

சிலர் சிரித்தார்கள். டீச்சர் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு அடுத்த வேஷத்தைக் கூப்பிட்டாள். பின்சுவரில் மூத்தவள் நின்ற இடம் காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சின்னவள் ஈரக் குடையை மடித்துவிட்டு உள்ளே போனாள். நான் கூடத்தில் இருந்தேன். அவர்கள் மெதுவாகத்தான் பேசினார்கள், ஆனால் அன்று மிஷின் ஓடவில்லை.

"துணி சுருங்கல. உனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் எதுக்கு உன் தலையில போட்டுக்கிட்ட? எல்லார் முன்னாலயும் நல்லவளாகணுமா?"

"நான் நல்லவ இல்லக்கா. நீங்க என்னைக்காவது அந்த ஜன்னல விட்டுத் திரும்பினா அவ என்கிட்ட வரமாட்டா. அது எனக்குத் தெரியும். மிஷின் சத்தம் நிக்கறப்பெல்லாம் எனக்கு பக்குனு இருக்கும். டீச்சர்கிட்ட அத்தன உடுப்புக்கு ஒத்துக்கிட்டதுகூட... நீங்க நிமிராம இருப்பீங்கன்னுதான்னு இப்பத் தோணுது."

பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. இரண்டு பேரும் அதை இறக்கவில்லை. நான் இருமினேன். அப்புறம்தான் இறக்கினார்கள்.

மறுநாள் மாலை மழை விட்டிருந்தது. சின்னவள் வந்து ஷூவைக் கழற்றினாள். பட்டன் அவள் மடியில் ஏறிக்கொண்டு ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றபடி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நன்றாகத் தைக்கக்கூடிய வெளிச்சம். மூத்தவள் பாதித் தையலில் நூலை அறுத்தாள். ஊசிகளை எடுத்துக் குத்தினாள். மிஷினுக்கு உறை போட்டாள். அந்த உறையை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

எங்கள் வீட்டுப் பெண் காரணமில்லாமல் தெருவில் நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்தார்கள். தெருக்குழாயைத் தாண்டி, விளக்குக் கம்பத்தைத் தாண்டி, திருப்பம்வரை போனாள். அங்கே கொஞ்சம் நின்றாள். எதிர்வீட்டுக்காரர் என்னிடம், எங்கே போகிறாள் என்று ஜாடையில் கேட்டார். நான் எழுந்து போய், காற்றில் பாதி சாத்திக்கொண்டிருந்த கதவை முழுக்கத் திறந்து வைத்தேன்.

அவள் திரும்பி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி, வெள்ளை ஷூவுக்குப் பக்கத்தில் விட்டாள்.

"பட்டன், அம்மா வந்துட்டேன்."

பிள்ளை வாயில் ரொட்டியோடு பார்த்தது.

"எங்கம்மா போனீங்க?"

"வேலைக்கு."

பட்டன் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே முதுகு இல்லை. வாசலைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து சரிந்து இறங்கி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

சின்னவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கையில் பிள்ளை தின்ற மிச்ச ரொட்டி இருந்தது. பிள்ளை உட்கார்ந்த இடத்தில் கசங்கியிருந்த தன் வெள்ளைச் சீருடையை மறுகையால் நீவினாள், மறுபடி நீவினாள். கண் மட்டும் வாசலை விட்டு அசையவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். மழைக்காலம் முழுக்க ஜன்னல் கண்ணாடியில் நான் பார்த்துவந்த முகம்தான் அது.